வளைந்தால் மலரும் கொடி ரோஜா

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் பொழுது பூவோடுதான் புலர்கிறது. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே பரந்து கிடக்கும் அந்தப் பழைய அங்காடியில், மற்றக் கடைகள் முழுதாகக் கண் விழிக்கும் முன்னரே பூக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். சம்பங்கி, சாமந்தி, அரளி, முல்லை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, துளசி என்று கிடக்கும் குவியல்களுக்கு நடுவே, ஈரச் சாக்கின்மீது பன்னீர் ரோஜா மணம் பரப்பிக்கொண்டிருக்கும். மணக்குள விநாயகரைத் தரிசிக்கச் செல்வோரும், வேதபுரீஸ்வரர் சந்நிதிக்கும் வரதராஜப் பெருமாள் சந்நிதிக்கும் செல்வோரும், வீட்டுப் பூசைக்குப் பூ வாங்குவோரும் தோளோடு தோள் உரச நிற்கும் இடம் அது.

என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கூட்டத்தில் ஒருவராக நின்றவர். பிள்ளைகள் உறங்கும் வேளையில் நீராடி, பையை எடுத்துக்கொண்டு நடந்தே சென்று, பூவைக் கையில் ஏந்திப் பார்த்து, காம்பின் ஈரத்தைச் சோதித்து வாங்கி வருவார். பிறகுதான் எங்கள் வீட்டில் விளக்கேறும். முழங்கால் வலி அவரை வீட்டோடு நிறுத்திய பிறகு, பூ வாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சில நாள் நான் வாங்கி வந்தேன். சில நாள் வாசலுக்கு வரும் பொட்டலப் பூவோடு பூசை முடிந்தது. அவர் குறை ஏதும் சொல்லவில்லை. ஒருநாள் மட்டும், "யாரோ ஊட்டிவிட்ட சோறு மாதிரி இருக்குடா, இந்தப் பூசை" என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. வீட்டின் பக்கவாட்டில், மதிலை ஒட்டி மூன்று அடி அகலத்தில் ஒரு மண் தரை உண்டு. அங்கே ஒரு கொடி ரோஜாவை நட்டுவிட்டால், அம்மா தம் கையாலேயே பறித்து இறைவனுக்குச் சாற்றலாமே என்று எண்ணினேன்.

எட்டாத உயரத்தில் ஏழு பூக்கள்

நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து ஒட்டுக் கட்டிய கொடி ரோஜாக் கன்றை வாங்கி நட்டேன். நல்ல மண், நல்ல எரு, காலை வெயில் எல்லாம் அமைந்தன. செடியும் குறையின்றி வளர்ந்தது. தண்டுகளைக் கயிற்றால் நிமிர்த்திக் கட்டிவிட்டேன். இரண்டாம் ஆண்டில் அது மதிலைத் தாண்டி, மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டது. பூத்தபோது ஏழு பூக்கள். ஏழும் உச்சியில்! கீழே அம்மா நின்ற இடத்தில் முள்ளும் வெறுந்தண்டும்தான். அவர் கண்ணுக்கு மேலே கையை வைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமி பாத்துக்கிட்டா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெட்டி எறிந்துவிட்டு வேறு செடி வைக்கலாம் என்ற எண்ணத்தோடு மறுநாள் மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கமாகப் பூ வாங்கும் மூதாட்டியிடம் செடியின் கதையைச் சொன்னேன். முழம் போட்டுக்கொண்டே கேட்ட அவர் சிரித்தார்.

"நட்டுக்க வச்சுக் கட்டினா நுனியிலதான் பூக்கும் தம்பி. சாய்ச்சுக் கட்டு. படுக்க வச்சாப்புல கட்டு. உடம்பு பூராவும் பூக்கும்."

"முறிஞ்சிடாதா ஆயா?"

"ஒரே நாள்ல வளைச்சா முறியும். நாளுக்குக் கொஞ்சமா வளைச்சா ஏன் முறியுது?"

கொடி ரோஜா வளர்ப்பில் உள்ள முதன்மையான உண்மை அந்த இரண்டு பதில்களுக்குள் அடங்கிவிட்டது. அதன் காரணத்தையும் செய்முறையையும் பின்னர்க் கற்றுக்கொண்டேன். பூசைக்காக வீட்டில் பூ வளர்க்க விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்று அவற்றை இங்கே தருகிறேன்.

கொழுகொம்பைப் பற்றத் தெரியாத கொடி

திருப்புகலூரில் திருநந்தவனம் பேணி இறைவனுக்கு மாலை தொடுத்த முருக நாயனார், கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் பொழுது புலரும் முன்னே கொய்து வந்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. முல்லை கொடிப்பூ, பாரி தன் தேரையே அதற்குக் கொழுகொம்பாக நிறுத்திச் சென்றான் என்பது நாம் அறிந்த வரலாறு. முல்லை கொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். பாகல், பீர்க்கு போன்றவை பற்றுக்கம்பிகளை நீட்டிப் பிடித்துக்கொள்ளும்.

கொடி ரோஜாவுக்கு இவ்விரண்டும் இல்லை. நாம் கொடி என்று அழைத்தாலும் உண்மையில் அது நீண்ட தண்டுகளை உடைய செடி. சுற்றத் தெரியாது, பற்றத் தெரியாது. பக்கத்தில் இருப்பதன்மீது சாய்ந்து, கீழ்நோக்கி வளைந்த தன் முட்களைக் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு மேலே செல்லும். வீட்டு மதிலில் மாட்டிக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஒருவர் பிடித்துக் கட்டிவிட வேண்டும்.

ஒவ்வொரு தண்டின் நுனி மொட்டிலும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிறது. தண்டு நேராக நிற்கும்போது அது நுனியிலிருந்து கீழே இறங்கி, கணுக்களில் உள்ள மொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி மட்டும் வளர்ந்து, நுனி மட்டும் பூக்கிறது. தண்டைச் சாய்த்துப் படுக்கைவாட்டில் கட்டினால் நுனியின் ஆதிக்கம் தளர்கிறது. உறங்கிக் கிடந்த கணுக்கள் ஒவ்வொன்றாகத் தளிர்விட்டு, ஒவ்வொரு தளிரின் முடிவிலும் பூ வைக்கின்றன. ஏழு பூ தந்த அதே செடி எழுபது பூ தருவதற்கு வேறு மந்திரம் இல்லை.

தலை நிமிர்ந்து நின்றபோது உச்சியில் மட்டும் பூத்த செடி, தலை தாழ்ந்தபோது உடலெங்கும் பூக்கிறது. ஆண்டவன் சந்நிதியில் விழுந்து வணங்கும் நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூர்போன் தீவிலிருந்து பூசை அறைக்கு

ரோஜா நம் பழைய மலர்வரிசையில் இடம்பெற்றதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 மலர்களுள் அது இல்லை. பின்னாளில் வந்து, நம் பூசை அறைக்குள் இடம்பிடித்த மலர் இது. வந்த வழியோ வியப்பானது. அதிலும் புதுவை மக்களுக்குக் கூடுதல் வியப்பைத் தருவது.

மார்க்கெட்டில் பன்னீர் ரோஜா என்றும் எட்வர்டு ரோஜா என்றும் விற்கப்படும் பூவை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த பூர்போன் தீவில், தோட்டங்களுக்கு ரோஜாவையே வேலியாக நடும் வழக்கம் இருந்தது. சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் அவ்வேலிகளில் அருகருகே வளர்ந்தன. 1817-ஆம் ஆண்டில், தீவின் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த பிரெயோன் என்பவர், அவ்விரண்டும் இயற்கையாகக் கலந்து பிறந்த புதுச்செடி ஒன்றை அடையாளம் கண்டார். அடிக்கடி பூக்கும் குணத்தைச் சீன ரோஜாவும், நறுமணத்தை டமாஸ்க் ரோஜாவும் அதற்கு அளித்திருந்தன. அங்கிருந்து விதைகள் பிரான்சுக்குச் சென்றன. பூர்போன் ரோஜாக்கள் என்னும் பெரிய குடும்பமே அதிலிருந்து தோன்றியது. இந்தியாவிலிருந்தே இந்த ரோஜா அத்தீவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று கருதுவோரும் உளர்.

தீவில் அதற்கு வழங்கிய பெயர் 'ரோஸ் எதுவார்'. ஆங்கிலேயர் வாயில் எதுவார் 'எட்வர்டு' ஆயிற்று. அதுவே நம் பூக்கடைக்கும் வந்து சேர்ந்தது. பெரிய மார்க்கெட்டுக்கு ஆவணங்களில் உள்ள பெயர் குபேர் அங்காடி. 1963-இல் புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் அது. எதுவார் பெயர் தாங்கிய அங்காடியில் எதுவார் பெயர் தாங்கிய ரோஜா நாள்தோறும் விற்பனையாகிறது!

அந்தத் தீவின் இன்றைய பெயர் ரீயூனியன். 19-ஆம் நூற்றாண்டில் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற நம் மக்கள், மாரியம்மனையும் தீமிதித் திருவிழாவையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இன்றும் அவர்கள் வழிவந்தோர் அங்கே கோயில் கட்டி வழிபடுகிறார்கள். அத்தீவில் வேலியில் நின்ற ரோஜா இங்கே கோயில் மாலையில் இருக்கிறது. இங்கிருந்த அம்மன் அங்கே கரும்புக்காட்டின் நடுவே கோயில்கொண்டிருக்கிறாள்.

ரோஜாவுக்குப் பக்தியின் பொருளைத் தந்ததிலும் புதுவைக்குப் பங்கு உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எண்ணூற்றுக்கும் மேற்பட்ட மலர்களுக்கு ஆன்மிகப் பொருள் கண்டு பெயரிட்டார். அன்பர்களுக்கு மலரையே பிரசாதமாக வழங்கினார். அவர் ரோஜாவுக்குக் கண்ட பொருள்களில் 'இறைவன்பால் அன்பு' என்பது ஒன்று; 'சரணாகதி' என்பது மற்றொன்று.

எந்தச் செடியை நடலாம்?

கொடி ரோஜா என்றதும் விலை உயர்ந்த அயல்நாட்டுச் செடிதான் வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன பன்னீர் ரோஜாவே நீண்டு வளையும் தண்டுகளை உடையது. வேலியாகப் பயிரிடப்பட்ட வழக்கம் அதற்கு உண்டு. நான்கைந்து அடி உயர மதிலுக்கும் வேலிக்கும் அதுவே போதும். நம் வெயிலைத் தாங்கும், மணம் உண்டு, பூசைக்குப் பழகிய பூ. பென்சில் பருமனுள்ள முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, பாதிக்குமேல் மண்ணில் புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் வேர்விடும்.

இன்னும் உயரமாகப் படர வேண்டுமானால் ஒட்டுக் கட்டிய கொடி ரோஜாக் கன்று வாங்கலாம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக விளங்கிய பி.பி.பால், சிறந்த ரோஜா அறிஞரும் ஆவார். அவர் உருவாக்கிய 'டெல்லி ஒயிட் பேர்ல்' என்னும் வெண்ணிறக் கொடி ரோஜா புகழ்பெற்றது. கொடைக்கானலில் எம்.எஸ்.வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் பல்லாண்டுகளாக ஒரு தவம்போல ரோஜா இனக்கலப்பில் ஈடுபட்டு, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற வகைகளை உருவாக்கினர். மணிப்பூர் மலைக்காடுகளில் உயர்ந்த மரங்களின்மீது ஏறிப் படரும் காட்டு ரோஜாவையும், வங்கச் சமவெளியின் நீர்நிலைக் கரைகளில் வளரும் காட்டு ரோஜாவையும் அவர்கள் தம் பணிக்குப் பயன்படுத்தினர். குளிர்நாட்டு ரோஜா நம் வெயிலில் வாடுவானேன், நம் மண்ணின் ரோஜாக்களே நமக்கு வழி காட்டுமே என்பது அவர்கள் கண்ட நெறி.

ஒட்டுக்கன்று வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஒட்டுப் போட்ட இடத்திற்குக் கீழிருந்து கிளம்பும் தளிர் அடித்தண்டினுடையது. அதை அவ்வப்போது அடியோடு கிள்ளி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் அது மேலே உள்ள நல்ல செடியைத் தின்றுவிடும். "வாங்கும்போது ஒரு நிறம், இப்போது வேறு நிறம்" என்று பலர் வியப்பதன் காரணம் இதுவே.

நடும் முறை

நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கிழக்கு மதில் சிறந்தது. மேற்கு மதில் அக்கினி நட்சத்திரக் காலத்தில் அடுப்புச் சுவர்போலக் காய்ந்து இலையைக் கருக்கிவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடி இருக்கும்படி குழி எடுத்து, தோண்டிய மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்ப வேண்டும். மதிலிலிருந்து ஓரடி தள்ளி நட்டு, செடியைச் சற்றே மதிலை நோக்கிச் சாய்த்துவிட வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மண் தரை இல்லாத வீடுகளில் ஒன்றரை அடிக்குக் குறையாத தொட்டியில் வளர்க்கலாம்.

கடலோர ஊர்களில் வாழ்வோருக்கு ஒரு தனிக்குறிப்பு. உப்பு ஏறிய கிணற்று நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ரோஜாவுக்கு ஆகா. இலையின் ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால் உப்பின் வேலை என்று ஐயுறலாம். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நலம். இயலாதபோது, கிடைக்கும் நல்ல நீரை வாரம் ஒருமுறை தாராளமாகப் பாய்ச்சி உப்பை அடியில் வடியச் செய்ய வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும், வடிகால் அவசியம்.

வளைத்துக் கட்டும் முறை

மதிலில் இரண்டடி உயரத்திலிருந்து தொடங்கி, ஓரடிக்கு ஒன்றாகப் படுக்கைவாட்டில் நான்கு கம்பிகள் இழுத்துக் கட்டினேன். மூங்கில் தட்டியும் பொருத்தலாம். சுவருக்கும் கம்பிக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும். காற்று புகுந்து வந்தால்தான் நோய் அண்டாது.

இளந்தண்டுகளே வளையும், முற்றியவை முறியும். ஆயாவின் எச்சரிக்கையை மீறி, முதல் நாளே ஒரு தடித்த தண்டை முழுதாக வளைக்க முயன்று முறித்துவிட்டேன். அது என் அவசரத்திற்குக் கிடைத்த பாடம். மீதமிருந்த நான்கு தண்டுகளையும் கயிற்றால் சற்றே இழுத்துக் கட்டி, மூன்று நாளுக்கு ஒருமுறை கயிற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஒரு மாதத்தில் அவை கம்பிகளின்மீது சாய்ந்து படுத்தன. விசிறி விரித்தாற்போல இருபுறமும் பரப்பிக் கட்டுவது நல்லது. முழுதாகப் படுக்காவிட்டாலும் சாய்ந்திருந்தாலே பயன் உண்டு.

கட்டுவதற்குக் கம்பியோ நெகிழிக் கயிறோ வேண்டா. தண்டு பருக்கும்போது அவை தோலை அறுக்கும். வாழைநார் போதும். தண்டைச் சுற்றி ஒரு வளையம், கம்பியைச் சுற்றி ஒரு வளையம் எனத் தளர்வாக முடிய வேண்டும். இற்றுப்போனால் புது நார் கட்டலாம். பூ மலர்வதற்கு முன் செடியைத் தாங்குவதும், மலர்ந்தபின் மாலையாகத் தொடுப்பதும் அதே வாழைநார்தான்.

கவாத்தும் எருவும் காவலும்

முதல் இரண்டு ஆண்டுகள் முதன்மைத் தண்டுகளை வெட்டலாகாது. காய்ந்ததையும் நோயுற்றதையும் மட்டும் நீக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓயத் தொடங்கும் வேளையில், பக்கக் கிளைகளை இரண்டு அல்லது மூன்று கணு விட்டுக் கவாத்துச் செய்ய வேண்டும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ 45 நாளில் பூ வரும். கார்த்திகை நடுவில் கவாத்துச் செய்தால் தைப் பொங்கலை ஒட்டி வீட்டுப் பூ கிடைக்கும். அதன் பின்னரும் பூத்த கிளைகளை உடனுக்குடன் கத்தரித்து வந்தால், வைத்திக்குப்பம் கடற்கரையில் சுவாமிகள் தீர்த்தவாரி காணும் மாசிமகத்திற்கும் பூ இருக்கும். மிகவும் முதிர்ந்து பூப்பு குறைந்த தண்டை அடியோடு நீக்கி, புதுத்தண்டு ஒன்றை அதன் இடத்தில் வளைத்துக் கட்டலாம்.

கவாத்துக்குப் பிறகு ஒருமுறை, ஆடியில் ஒருமுறை என ஆண்டில் இருமுறை தொழுவுரம் இட வேண்டும். மாதம் இருமுறை ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளித்தால் இலை செழிக்கும். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி தோன்றினால் அவ்விலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும். செடியடியில் உதிர்ந்து கிடக்கவும் விடலாகாது. நீரை இலைமீது ஊற்றாமல் வேருக்கே ஊற்றினால் பாதி நோய் வராது. அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பூசைக்கு வளர்க்கும் பூவாகையால் கடும் நஞ்சுகளை நான் தொடுவதில்லை. சிறு பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பூ அல்லவா!

பூப்பறிக்கும் நெறி

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருமலையில் இராமாநுஜரின் ஆணைப்படி அனந்தாழ்வானும் செய்த நந்தவனக் கைங்கரியத்தை வைணவ உலகம் போற்றுகிறது. முருக நாயனாரின் தொண்டைச் சைவ உலகம் போற்றுகிறது. மூன்றடி மண்ணில் செடி வளர்ப்பவருக்கும் அந்த மரபில் ஒரு சிறு இடம் உண்டு. ஆகவே அவர்கள் காத்த நெறிகளை நாமும் இயன்றவரை காக்கலாம்.

நீராடியபின், வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். அந்நேரத்தில் இதழில் ஈரம் நிறைந்திருப்பதால் பூ வாடாமல் நிற்கும். பறித்த பூவை முகர்ந்து பார்க்கலாகாது; தரையில் வைக்கலாகாது. பூச்சி அரித்ததையும் வாடியதையும் விலக்க வேண்டும். முறுக்கிப் பிய்க்காமல், ஐந்திலை உள்ள கணுவுக்கு மேலே கத்தரித்தால் அங்கிருந்து அடுத்த தளிர் வரும். கோயிலுக்குக் கொடுப்பதாயின் அந்தச் சந்நிதியில் ரோஜா சாற்றும் வழக்கம் உண்டா என்பதை அர்ச்சகரிடம் கேட்டுக்கொள்வது முறை. மாலை களைந்தபின் நிர்மாலியத்தைக் குப்பையில் எறியாமல், ஒரு பானையில் மண்ணோடு இட்டு மக்கச் செய்து அச்செடிக்கே எருவாக இடலாம். இறைவன் தோளில் இருந்த மலர் யார் காலிலும் மிதிபடாது. மீண்டும் மலராகவே வரும்.

கைக்கு எட்டிய மலர்

தண்டுகளைச் சாய்த்துக் கட்டிய சில வாரங்களில் கணுதோறும் செந்தளிர் எழுந்தது. இரண்டாம் மாதத்தில் மொட்டுகள். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, மதிலருகே நாற்காலியிட்டு அமரவைத்தேன். அவர் தோள் உயரத்திலும் மடி உயரத்திலுமாகப் பூக்கள் விரிந்திருந்தன. கண் பார்வை மங்கியவராதலால் விரல்களால் தடவித் தடவிப் பறித்தார். ஒன்பது பூ. ஒரு முள் விரலில் குத்தியது, அதைப் பொருட்படுத்தவில்லை. பூசை அறைக்குள் சென்று விளக்கேற்றி, விநாயகருக்கு முதல் பூவைச் சாற்றினார். அன்றைக்குப் பூசை முடிய வழக்கத்தைவிட நெடுநேரமாயிற்று. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அந்த ஆயாவுக்கு ரெண்டு பூ கொண்டுபோய்க் குடு" என்பதுதான்.

பூ விற்பவருக்கே பூவா என்று சிரித்துக்கொண்டுதான் மார்க்கெட்டுக்குப் போனேன். ஆயா இரண்டு பூக்களையும் வாங்கி விற்பனைக் குவியலில் சேர்க்கவில்லை. ஒன்றைத் தம் கொண்டையில் செருகிக்கொண்டார். மற்றொன்றைக் கடையில் மாட்டியிருந்த முருகன் படத்தின் சட்டத்தில் வைத்தார். பிறகு அன்றைய துளசியையும் மரிக்கொழுந்தையும் கட்டிக் கொடுத்தார். நம் வீட்டில் ரோஜா பூத்தாலும் துளசிக்கும் முல்லைக்கும் பெரிய மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். போவதில் எனக்கும் இப்போது மகிழ்ச்சியே.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் ஓர் அன்னையோ பாட்டியோ படியிறங்கிப் பூ வாங்கச் செல்ல இயலாமல் இருக்கலாம். வரும் கார்த்திகையில் ஒரு பன்னீர் ரோஜாத் தண்டை நட்டு வையுங்கள். வளர வளர அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் மெல்ல வளைத்துக் கட்டுங்கள். பூத்ததும் அவர்கள் கையாலேயே பறிக்கச் சொல்லுங்கள். மணக்குளத்து விநாயகர் அருளால் எல்லா இல்லங்களிலும் மலர் பெருகுக. வழிபாடு தழைத்து ஓங்குக!